பயிர் வரைபடம் போடும்போது எதால் வகுக்கிறோம் என்று பாருங்கள்

நெல், கோதுமை, மக்காச்சோளம் எங்கே எவ்வளவு விளைகிறது என்று ஜிஐஎஸ் என்ற புவியியல் தகவல் மென்பொருளில் வரைபடம் போடுபவர்கள் பலரும் மொத்த உற்பத்தியை எடுத்து மாவட்ட வாரியாக வண்ணம் தீட்டிவிடுகிறார்கள். பெரிய மாவட்டங்கள் அடர் பச்சையாகவும் சின்னவை வெளிறியும் வந்து நிற்கும். அந்தப் படம் விளைச்சலைவிட மாவட்டத்தின் அளவைத்தான் அதிகம் காட்டுகிறது. மொத்த டன்னைக் காட்ட வேண்டுமா, அளவுக்கேற்ற வட்டங்களைப் போடுங்கள். வண்ணத்தை ஹெக்டேருக்கு எத்தனை டன் என்பதற்கு வையுங்கள்.

சரி, எந்த ஹெக்டேர்? நான் மிகவும் கவலைப்படுவது இந்த இடத்தில்தான். மாவட்டத்தின் மொத்தப் பரப்பால் வகுத்தால் காடும் மலையும் ஊரும் கணக்கில் சேர்ந்துவிடும். வகுக்க வேண்டியது அறுவடைப் பரப்பால். ஒரே வயலில் ஆண்டுக்கு இரண்டு போகம் எடுத்தால் அந்த வயல் அறுவடைப் பரப்பில் இரண்டு முறை வரும். அதை ஒரு முறை மட்டும் எண்ணினால் விளைச்சல் ஏறக்குறைய இரு மடங்காகத் தெரியும். பக்கத்தில் ஒரு போகம் மட்டும் எடுக்கும் மாவட்டம் காரணமே இல்லாமல் பின்தங்கியதாகத் தோன்றும்.

சராசரியிலும் இதே சிக்கல் உண்டு. ஒரு மாவட்டத்தில் 90,000 ஹெக்டேரில் 2 டன் வீதம், இன்னொன்றில் 10,000 ஹெக்டேரில் 6 டன் வீதம் விளைகிறது என்று வையுங்கள். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 4 டன் வரும். மொத்த உற்பத்தியை மொத்தப் பரப்பால் வகுத்தால் 2.4 டன்தான். அப்புறம், ஒரு அட்டவணை நெல்லாகவும் இன்னொன்று அரிசியாகவும் கணக்கு வைத்திருக்கலாம். நெல்லை அரைத்தால் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் அரிசியாகக் கிடைக்கும்.

அட்டவணையை, மாவட்ட எல்லைக் கோடுகள் உள்ள கோப்போடு இணைக்கும்போது பெயரை நம்பாதீர்கள். ஓர் எழுத்து மாறினாலும் அந்த மாவட்டம் காலியாகிவிடும். குறியீட்டு எண் இருந்தால் அதை வைத்து இணையுங்கள். காலியான இடத்தில் பூஜ்யம் போடுவது பெரிய பிழை: 'தகவல் இல்லை' என்பதும் 'விளையவில்லை' என்பதும் வேறு வேறு. தகவல் இல்லாததைச் சாம்பல் நிறத்தில் தனியாகக் காட்டுங்கள். இடையில் ஒரு மாவட்டம் இரண்டாகப் பிரிந்திருந்தால், புதிய இரண்டையும் கூட்டிப் பழைய எல்லைக்குக் கொண்டுவந்த பிறகே ஆண்டுகளை ஒப்பிடலாம்.

பரப்பைக் கோப்பிலிருந்தே கணக்கிடுகிறீர்களா? இணைய வரைபடங்களின் மெர்கேட்டர் வீழலில் (உருண்டையான பூமியைத் தட்டையாக்கும் ஒரு முறை) 60 பாகை அட்சரேகையில் பரப்பு 4 மடங்கு பெரிதாகத் தெரியும். பரப்பளவு மாறாமல் காட்டும் சமபரப்பு வீழலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

எகிப்து முழுவதற்கும் ஒரே வண்ணம் தீட்டினால் பாலைவனத்திலும் கோதுமை விளைவதுபோல் இருக்கும். அங்கே சாகுபடியில் பெரும்பகுதி நைல் கரையிலும் டெல்டாவிலும்தான். செயற்கைக்கோள் படத்திலிருந்து எடுத்த விளைநில அடுக்கை மேலே வைத்து, மற்ற இடங்களை மறைத்துவிடுங்கள்.

ஆண்டுக்கொரு படமாக வரிசையாகப் போடும்போது எல்லாவற்றுக்கும் ஒரே வகுப்பு எல்லைகளை, அதாவது எத்தனை டன்னிலிருந்து எத்தனை டன் வரை எந்த வண்ணம் என்பதை, கையால் கொடுங்கள். மென்பொருளிடம் விட்டால் ஒவ்வோர் ஆண்டுக்கும் புதிதாகப் பிரிக்கும். வறட்சி ஆண்டின் 2 டன்னும் நல்ல ஆண்டின் 4 டன்னும் ஒரே பச்சையில் நிற்கும்.