மெனேஜருக்கு வேண்டிய ஆள் வேறொருவர் என்றால்: கந்தோரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாரபட்சம் நடக்கிறது என்று தெரிந்ததும் நம்மில் பலர் முதலில் செய்வது, மனதில் கிடக்கும் எல்லாக் குறைகளையும் ஒரே மூட்டையாகக் கட்டுவது. மெனேஜர் அவரோடு மட்டும் தேநீர் குடிக்கப் போகிறார், அவருக்கு மட்டும் நல்ல கிளையன்ட், எனக்கு ஓ.டி. (மேலதிக நேரச் சம்பளம்) வெட்டு, எனக்கு லீவு இல்லை. இவை எல்லாம் ஒரே மாதிரி வலிக்கும். ஆனால் தேநீருக்குக் கூப்பிடாததை எச்.ஆரிடம் முறையிட முடியாது. ஓ.டி. வெட்டு அப்படியில்லை. இலங்கையில் கடை, அலுவலக ஊழியர் சட்டம் 1954இலிருந்து இருக்கிறது. அதன் கீழ் வரும் ஊழியர் வாரம் 45 மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்தால், அந்த நேரத்துக்கு ஒன்றரை மடங்கு சம்பளம் கொடுக்க வேண்டும். உங்கள் 8 சதவீதத்தோடு கம்பனி 12 சதவீதம் சேர்த்துக் கட்ட வேண்டிய ஈ.பி.எஃப்.பும் (ஊழியர் சேமலாப நிதி) அப்படித்தான். மெனேஜருக்கு உங்களைப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் இவை உங்களுக்குச் சேர வேண்டியவை. இரண்டையும் கலந்து பேசினால் கேட்பவர் தேநீர்க் கதையைப் பிடித்துக்கொண்டு ஓ.டி.யை விட்டுவிடுவார்.

தீபாவளி லீவுப் பிரச்சினை ஒவ்வொரு வருடமும் வருவது. தீபாவளி அரச விடுமுறை, வங்கி விடுமுறை. ஆனால் தனியார் கம்பனிகளுக்கான வர்த்தக விடுமுறை கிடையாது. தைப்பொங்கல் மூன்றிலும் உண்டு. ஆகவே தனியார் கந்தோரில் தீபாவளிக்கு உங்கள் சொந்த லீவைத்தான் போட வேண்டும். முதல் நாள் வாயால் கேட்டு, இல்லை என்றதும் 'தமிழன் என்றபடியால்தான்' என்று முடிவெடுக்காதீர்கள். சில வேளை அது உண்மையாகவே இருக்கும். அதைக் காட்ட வேண்டுமானால் ஒரு மாதம் முன்பே ஈமெயிலில் கேட்டிருக்க வேண்டும், மறுத்த காரணமும் எழுத்தில் இருக்க வேண்டும். அதே வாரத்தில் வேறு எத்தனை பேருக்கு லீவு கிடைத்தது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

மொழி விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. கூட்டம் ஆங்கிலத்தில் தொடங்கிப் பாதியில் சிங்களத்துக்குப் போய்விடும். முக்கியமான முடிவு அந்தப் பாதியில்தான் எடுக்கப்படும். பிறகு 'உங்களுக்குச் சொன்னோமே' என்பார்கள். நம்மவர் பலர் வெட்கத்தில் தலையாட்டிவிட்டு வெளியே வந்து குமுறுவார்கள். அந்தத் தலையாட்டல்தான் பிழை. கூட்டம் முடிந்து பத்து நிமிடத்துக்குள், 'இன்று எனக்கு ஒப்படைத்த வேலைகள் இவை என்று விளங்கிக்கொண்டேன், ஏதும் விடுபட்டிருந்தால் சொல்லுங்கள்' என்று மூன்று வரி ஈமெயில் அனுப்புங்கள். குற்றச்சாட்டு எதுவும் இல்லாத இந்த மூன்று வரி, ஆறு மாதம் கழித்து வருட மதிப்பீட்டில் 'வேலையை முடிக்கவில்லை' என்று யாராவது எழுதினால் உங்களுக்காகப் பேசும்.

முறையிடும்போது சக ஊழியரின் பெயரை முன்னால் வைக்காதீர்கள். 'அவன் பந்தம் பிடிக்கிறான்' என்று தொடங்கினால் பேச்சு முழுக்க அவரைப் பற்றியதாகிவிடும். அவருக்கு நாலு பிரமோஷன் கிடைத்ததை விட, உங்களுக்கு ஏன் கிடைக்கவில்லை என்பதற்குப் பதில் வாங்குவதே முக்கியம். 'அடுத்த தரத்துக்குப் போக நான் எதைக் காட்ட வேண்டும்?' என்று கேளுங்கள். மெனேஜரால் சொல்ல முடியவில்லை என்றால், அதையும் திகதியோடு குறித்து வையுங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் கொட்டுவது பற்றி நீட்டத் தேவையில்லை. ஸ்கிரீன்ஷாட் மாலைக்குள் மெனேஜரிடம் போய்ச் சேரும்.

அரச துறையில் இருப்பவர்களும் தனியார் துறையில் இருப்பவர்களும் ஒரே வழியை நினைத்துக் குழம்புகிறார்கள். இனம், மதம், மொழி, சாதி, பால் முதலியவற்றால் பாகுபாடு காட்டக்கூடாது என்று அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை சொல்கிறது. ஆனால் அதை வைத்து அடிப்படை உரிமை வழக்கென்று உயர் நீதிமன்றம் போவது அரச நிர்வாகச் செயலுக்கு எதிராகத்தான். அதற்கும் ஒரு மாத அவகாசம்தான். 'பார்ப்போம், பார்ப்போம்' என்று இருந்துவிட்டால் அது போய்விடும். தனியார் கம்பனி ஊழியருக்குத் தொழில் திணைக்களமும் தொழில் நியாய சபையும்தான் வாசல்.

எனக்கு மிகவும் மனம் நோகிற தவறு, கோபத்தில் கொடுக்கும் ராஜினாமாக் கடிதம். அதில் வழமையாக ஒரு வரி இருக்கும்: 'சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்.' மரியாதைக்காக எழுதுவது. ஆனால் விலக வேண்டிய நிலைக்குத் தள்ளினார்கள் என்று பிறகு நியாய சபையில் சொல்லப் போனால், அந்த வரியைத்தான் மறுபக்கம் முதலில் நீட்டும். வேலையை விட்டுப் போகும்போது கம்பனி கொடுக்க வேண்டிய பணிக்கொடையையும் யோசியுங்கள். 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் பூர்த்தியானால், மாதச் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்று 1983ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. நாலு வருடம் பத்து மாதத்தில் கடிதத்தை வீசிவிட்டு வந்தால் அது கையில் வராது. அந்த இரண்டு மாதமும் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பது கஷ்டம்தான். இருந்தாலும் இருங்கள்.

கடிதம் எழுதத்தான் வேண்டும் என்றால், கொடுப்பதற்கு முன் நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், குறித்து வைத்த திகதிகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஒரு நாள் லீவு போட்டுக் கொழும்பு நாரஹேன்பிட்டியில் இருக்கும் தொழில் திணைக்களத்துக்குப் போங்கள். முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதலாம். பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்.