செட்டியார் தெருவுக்கு நகை எடுக்கப் போகிற திருமலைக்காரர் விடும் பிழைகள்

கலியாணம் சரிவந்துவிட்டால் திருமலை வீடுகளில் அடுத்த கேள்வி, "கொழும்புக்கு எப்ப போறது?" என்பதுதான். நகை நம்மூரிலும் எடுக்கலாம். ஆனால் செட்டியார் தெருவில் ஒரே நீட்டுக்கு நகைக்கடைகள். பத்துக் கடை ஏறி இறங்கி டிசைன் பார்க்கலாம், செய்கூலியை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஏறத்தாழ 260 கிலோமீற்றர் போவதற்கு அது போதுமான காரணம். ஆனால் அந்த வசதியைப் பாவிக்காமலே திரும்பி வருகிறவர்கள்தான் கூட. இரவு ஏறி, விடியற்காலை இறங்கி, அன்றிரவே திரும்ப ஏறுகிற பயணம். அதில் காசு வீணாகப் பெரிய காரணம் அவசரம். மற்றப் பிழைகளில் பாதி அதன் பின்னால் வருகிறவை.

முதலில் நாளைப் பார்ப்போம். லீவு எடுக்கத் தேவையில்லை என்று போயா தினத்தில் புறப்படுகிற குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. அன்றைக்கு, செட்டியார் தெரு இருக்கிற புறக்கோட்டையில் பெரும்பாலான கடைகள் பூட்டு. ஞாயிறும் கிட்டத்தட்ட அப்படித்தான். நடைபாதை வியாபாரம் அமளியாக நடக்கும், பெரிய கடைகள் பல திறந்திருக்காது. வெள்ளிக்கிழமை மதியம் ஜும்ஆ நேரத்தில் முஸ்லிம் கடைகள் அடைத்திருக்கும். ஆடிவேல் தேர் இந்தத் தெருக் கதிரேசன் கோயில்களில் இருந்துதான் பம்பலப்பிட்டிக்குப் புறப்படும். தேர் பார்க்கப் போகிறவர்களுக்கு அது அருமையான நேரம், நகை பார்க்கப் போகிறவர்களுக்கு அல்ல. வார நாளில் ஒரு நாள் லீவு போடுங்கள். நகைக்குச் செலவழிக்கிற காசோடு பார்த்தால் அது ஒன்றுமில்லை.

அடுத்தது, புறக்கோட்டை முழுவதையும் ஒரே கடைத்தெரு என்று நினைத்து இறங்குவது. அங்கே ஒவ்வொரு தெருவுக்கும் ஒவ்வொரு சாமான். முதலாம் குறுக்குத் தெருவில் போன், மின்சாதனங்கள். மெயின் வீதியிலும் கெய்சர் வீதிப் பக்கமும் புடவை, துணிமணி. நாலாம் குறுக்குத் தெருவில் வெங்காயமும் கிழங்கும் மூட்டை மூட்டையாக இறங்கும். காபோஸ் லேனில் நாட்டு மருந்துச் சரக்கு. நகைக்குச் செட்டியார் தெரு. இது தெரியாமல் வெயிலில் சுற்றினால், நகைக்கடைப் படி ஏறும்போது மணி மூன்றாகிவிடும். கையில் நாலு பை, கூடப் போன பெரியம்மாவுக்குக் கால் வலி. அந்த நேரத்தில் முதல் கடைக்காரர் சொல்வதுதான் விலை. ஆகவே தங்கத்தைக் காலையிலேயே பாருங்கள், மற்றதெல்லாம் பிறகு.

கூறைச் சேலையையும் இங்கேயே எடுத்துவிடலாம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு சொல். மெயின் வீதியில் சேலைக்கு வஞ்சகமில்லை. ஆனால் கூறை என்று ஆறுதலாக இருந்து பார்த்து எடுக்க வெள்ளவத்தை, காலி வீதிக் கடைகள்தான் தோது. புறக்கோட்டையில் இருந்து 100, 101 இலக்க பஸ் இரண்டும் அந்த வழியாகவே போகும். இரண்டு இடத்தையும் ஒரே நாளில் அடைக்கப் பார்ப்பதுதான் பிழை.

இனித் தங்கம். செய்தியில் "ஒரு பவுண் இவ்வளவு" என்று சொல்வது பல நேரம் 24 கரட் விலை. நீங்கள் வாங்கப் போவது 22 கரட். ஒரு பவுண் 8 கிராம். 22 கரட் என்றால் 24 பங்கில் 22 பங்கு தங்கம், அதாவது நூற்றுக்கு 91.6 அளவு. 916 என்று முத்திரை குத்துவது அதனால்தான். 24 கரட் விலையைப் பன்னிரண்டால் பிரித்துப் பதினொன்றால் பெருக்கினால், 22 கரட் என்ன வரவேண்டும் என்று கிட்டமுட்டத் தெரியும். இந்தக் கணக்கை வீட்டிலேயே போட்டுக்கொண்டு போங்கள். கடைக்குள்ளே லைட் வெளிச்சத்திலும் பிள்ளையின் ஆசை முகத்துக்கு முன்னாலும் கணக்கு ஓடாது.

அன்றைய தங்க விலையில் பேரம் பேசுவது வீண் வேலை. எல்லாக் கடையிலும் ஏறத்தாழ ஒன்றுதான். பேசவேண்டியது செய்கூலியையும் சேதாரத்தையும். நம் ஆட்கள் தலைகீழாகச் செய்வார்கள். பவுண் விலையில் நூறு இருநூறுக்கு அரை மணித்தியாலம் மல்லுக்கட்டிவிட்டு, கூலியை அவர்கள் போட்டபடியே கட்டிவிட்டு வருவார்கள். "அண்ணா, கூலியில பார்த்துச் செய்யுங்கோ" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இரண்டு மூன்று கடையில் கேட்டால், ஒரே மாதிரிச் சங்கிலிக்கே கூலி எவ்வளவு மாறுகிறது என்று தெரியவரும்.

நிறுக்கிற இடத்தில் கண்ணை எடுக்காதீர்கள். தராசு சைபரில் நிற்கிறதா, கண்ணாடி மூடி மூடியிருக்கிறதா என்று பாருங்கள். மேலே ஃபேன் சுற்றினால் கடைசி இலக்கம் ஆடிக்கொண்டே இருக்கும். நிறுத்தச் சொல்லிக் கேட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள். கல் வைத்த நகை என்றால் கல்லின் எடை வேறாகக் கழிக்கப்படுகிறதா என்று கேளுங்கள். 16 கிராம் அட்டியலில் ஒன்றரைக் கிராம் கல் என்றால், கழிக்காவிட்டால் கண்ணாடிக் கல்லுக்குத் தங்க விலை கொடுக்கிறீர்கள். பிற்காலத்தில் விற்கவோ அடகு வைக்கவோ போகும்போது அந்த ஒன்றரைக் கிராமை யாரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள். தங்க எடை, கல் எடை, கரட், கூலி, அன்றைய விலை எல்லாம் சிட்டையில் வேறுவேறாக இருக்கவேண்டும். மொத்தத் தொகையை மட்டும் எழுதிய சிட்டை இருந்தும் பயனில்லை.

தாலியில் வருகிற பிழை வேறு வகை. கொடியும் தாலியும் செய்து முடித்தபடியே கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். பார்த்தவுடன் எடுத்துவிடத் தோன்றும். பிறகுதான் யாராவது ஒரு மாமி கேட்பார், "அப்ப பொன்னுருக்கலுக்கு என்ன செய்யப் போறீங்க?" என்று. நாள் பார்த்து உருக்கிய பொன் தாலியில் சேரவேண்டும் என்பது நம் வழக்கம். கொடியைக் கொழும்பில் எடுத்துக்கொண்டு, தாலியை ஊர்ப் பத்தரிடம் விடுகிறவர்களுக்குத் தொல்லை இல்லை. கொடி எத்தனை பவுண் என்பதையும் இரண்டு வீட்டாரும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். ஒற்றை எண்ணில் வரவேண்டும் என்று கடைக்குள் நின்றுகொண்டு போனில் தகராறு படுவதைப் பார்க்கப் பாவமாக இருக்கும்.

சிலர் கொழும்பில் இறங்கியவுடன் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் தொடங்குவார்கள். தேவையே இல்லை. செட்டியார் தெரு தமிழ் வியாபாரம் வளர்ந்த தெரு. 1983 ஜூலையில் புறக்கோட்டைத் தமிழ்க் கடைகள் எரிக்கப்பட்டன. அதற்குப் பிறகும் எழும்பி நிற்கிற தெரு. மெயின் வீதி முஸ்லிம் வியாபாரிகளும் தமிழில்தான் பேசுவார்கள். நன்றாக வருகிற மொழியில் பேரம் பேசுங்கள். கார்டில் கட்டுவதானால் மேலே ஏதும் வீதம் போடுவார்களா என்பதையும் விலை பேசும்போதே கேளுங்கள். சில கடைகள் போடும்.

விடியுமுன் வந்து இறங்குகிறவர்கள் கடை திறக்கும் வரை கோட்டை ரயில் நிலையத்தடியில் குந்தியிருந்தே களைத்துப் போவார்கள். ஒரு தேத்தண்ணியைக் குடித்துவிட்டு நடங்கள். மெயின் வீதித் தொடக்கத்தில் பார்சிக் குடும்பம் ஒன்று கட்டுவித்த கான் மணிக்கூட்டுக் கோபுரம், 1923 ஆம் ஆண்டினது. இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையுமாக 1908இல் கட்டத் தொடங்கிய ஜாமிஉல் அல்பார் பள்ளிவாசல். மெயின் வீதியோடே போனால் 1873ஆம் ஆண்டின் பழைய நகர மண்டபம். செட்டியார் தெரு அதற்குக் கிட்டத்தான். ஒன்பது மணிக்குப் பிறகு இதெல்லாம் கண்ணில் படாது. சன நெரிசலும், மூட்டை ஏற்றிய கைவண்டிகளும். மூட்டை இழுக்கிற நாட்டாமைமார் பாரத்தோடு வரும்போது வண்டியைச் சட்டென்று நிறுத்த முடியாது. நாம்தான் ஒதுங்க வேண்டும். நடுத்தெருவில் நின்று போன் பார்க்கிற பழக்கத்தைத் திருமலையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

திரும்பும்போது நகைப் பெட்டியைப் பெரிய பைக்குள் வைத்து பஸ்ஸின் மேல் தட்டில் போடாதீர்கள், கீழே டிக்கியிலும் வேண்டாம். கடையின் பெயர் போட்ட பளபளப்புப் பையைக் கடையிலேயே மடித்து உள்ளே வைத்துவிட்டு, பெட்டியைச் சாதாரணக் கைப்பையில் போட்டு மடியில் வைத்துக்கொள்ளுங்கள். சிட்டையை வேறொருவரிடம் கொடுங்கள். பக்கத்து சீட்டுக்காரர் எவ்வளவு நல்லவராகத் தெரிந்தாலும், ஹபரணையில் பஸ் நிற்கும்போது பெட்டியைத் திறந்து காட்டவேண்டாம்.