கிராஃபிக்ஸ் கார்ட் கொதிக்கிறதா? ஹீட்சிங்கைக் கழற்றி ஒழுங்காகப் பூட்டுவது எப்படி

கொழும்பில் ஏசி போடாத அறை பகலில் 30 பாகையைச் சாதாரணமாகத் தொடும். குளிர்நாட்டு யூடியூப்காரர் 20 பாகை அறையில் காட்டும் வெப்பநிலையை நம் கார்டில் எதிர்பார்க்க முடியாது. அறை 10 பாகை கூடினால் கார்டும் ஏறக்குறைய அவ்வளவு கூடத்தான் செய்யும். அதற்கு ஒன்றும் செய்வதற்கில்லை. ஆனால் ஹீட்சிங்க் (சிப்பின் சூட்டை இழுத்துக் காற்றில் விடும் உலோகப் பாகம்) சிப்பில் சரியாக முட்டாமல் ஏறுகிற சூட்டை நாமே குறைக்கலாம். பெரிய ஹீட்சிங்க் வாங்கக் காசு தேடுவதற்கு முன், இருக்கிற ஹீட்சிங்க் வடிவாக முட்டுகிறதா என்று பாருங்கள்.

முதலில் அளவெடுங்கள்

எச்டபிள்யூ இன்ஃபோ அல்லது ஜிபியு-இசட் என்ற மென்பொருளைப் போடுங்கள். இரண்டுமே கார்டின் சூட்டைக் காட்டும், இரண்டுமே இலவசம். வழக்கமாக விளையாடும் கேமை அரை மணித்தியாலம் ஓடவிட்டு, கார்டின் வெப்பநிலை, ஹாட் ஸ்பாட் (சிப்பிலேயே ஆகச் சூடான இடத்தின் வெப்பநிலை), ஃபேன் வேகம் மூன்றையும் எழுதி வையுங்கள். மெமரி வெப்பநிலையும் காட்டினால் அதையும் எழுதுங்கள். ஏசி போட்டிருந்தீர்களா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்து பார்க்கும்போதும் அதே நிலைமை இருக்கவேண்டும்.

கவனிக்கவேண்டியது இடைவெளி. சாதாரண வெப்பநிலைக்கும் ஹாட் ஸ்பாட்டுக்கும் 10, 15 பாகை வித்தியாசம் இருந்தால் பிரச்சினை இல்லை. 25ஐத் தாண்டினால் சிப்பின் ஏதோ ஒரு மூலையில் ஹீட்சிங்க் படவில்லை, அல்லது சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே சூட்டைக் கடத்தத் தடவிய பேஸ்ட் காய்ந்துவிட்டது. இடைவெளி சிறிதாக இருந்தும் கார்ட் கொதிக்கிறது என்றால் கேஸின் பக்க மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். சூடு சட்டென்று இறங்கினால் குறை காற்றோட்டத்தில். தூசியைத் தட்டி, கேஸுக்கு இன்னொரு ஃபேன் போட்டால் போதும், கார்டைத் திறக்கத் தேவையில்லை.

சாமான்கள்

சின்ன நட்சத்திர ஸ்குரூ ட்ரைவர், தேர்மல் பேஸ்ட், தேர்மல் பேட் (சூட்டைக் கடத்தும் மெத்தென்ற துண்டு), துடைக்க ஐசோபுரொப்பைல் அல்கஹால். பேஸ்டும் பேடும் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் தேடலாம். அல்கஹாலுக்கு ஃபார்மசியில் கேளுங்கள். 70 வீதமானால் தண்ணீர் கலந்தது, துடைத்தபின் நன்றாகக் காயவிடவேண்டும். பேஸ்டுக்குப் பதிலாகத் தடவ லிக்விட் மெட்டல் என்று ஒன்று விற்பார்கள். புதியவர்கள் அந்தப் பக்கமே போகவேண்டாம். அதில் உள்ள கேலியம் அலுமினியத்தை அரித்துவிடும், மின்சாரத்தையும் கடத்தும்.

இன்னொன்று: ஸ்குரூ மேல் சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் வாரண்டி முடிந்துவிட்டதா என்று பில்லைப் பாருங்கள். முடியவில்லையென்றால் கடையிலேயே கொடுத்துவிடுவதுதான் புத்தி.

கழற்றுவது

கழற்றுவதற்குச் சற்று முன் ஐந்து நிமிடம் கேம் ஓடவிடுங்கள், பழைய பேஸ்ட் இளகும். பிறகு சுவர் சுவிட்சை நிறுத்தி, வயரையும் பிடுங்கிவிட்டு, கேஸின் உலோகத்தை ஒருமுறை தொட்டுக் கையிலுள்ள நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொள்ளுங்கள். கார்டை எடுத்து முகம்கீழாக வைத்தால் சிப்பைச் சுற்றி நான்கு ஸ்பிரிங் ஸ்குரூ தெரியும். அவற்றைக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். ஹீட்சிங்க் ஒட்டிக்கொண்டு வராவிட்டால் ஸ்குரூ ட்ரைவரை விட்டு நெம்பாதீர்கள். இடம்வலமாக மெல்லத் திருகினால் கழன்றுவிடும். கழன்றதும் இழுத்துவிடாதீர்கள், ஃபேன் வயர் குட்டையாக இருக்கும். வயரைப் பிடித்து இழுக்காமல் கனெக்டரைப் பிடித்துக் கழற்றுங்கள். துடைப்பதற்கு முன் எந்த பேட் எங்கே இருந்தது என்று போனில் படம் எடுத்துவிடுங்கள்.

பேட் தடிப்பு: காரியம் கெடும் இடம்

மெமரி சிப்களும் மின்சாரம் வழங்கும் பகுதியும் பேட் வழியாகத்தான் ஹீட்சிங்கைத் தொடுகின்றன. நடுவிலுள்ள பெரிய சிப் மட்டும் பேஸ்ட் வழியாக. 1 மி.மீ. இருந்த இடத்தில் 1.5 மி.மீ. பேட் வைத்தால் ஹீட்சிங்க் பேட்மேல் ஏறி நின்றுவிடும், சிப்பில் உட்காராது. விலை கூடிய பேட் போட்டும் முன்பைவிடச் சூடாகிறது என்று புலம்புபவர்களில் பலருக்கு நடப்பது இதுதான். மெல்லியதாக வைத்தால் மெமரிக்குச் சூடு போக வழி இருக்காது.

பழைய பேடை அளந்தால் சரியான அளவு கிடைக்காது, அது நசுங்கிப் போயிருக்கும். இப்படிச் செய்யுங்கள். பிள்ளைகள் விளையாடும் பிளாஸ்டிசினில் கடலைப்பருப்பு அளவு உருட்டி, மெல்லிய உணவுத்தாள் பொலித்தீனில் சுற்றி, மெமரி சிப் ஒன்றின்மேல் வையுங்கள். மற்ற பேட் எதுவும் வேண்டாம். பெரிய சிப்பில் கொஞ்சம் பேஸ்ட் தடவி, ஹீட்சிங்கை வைத்து நான்கு ஸ்குரூவையும் இறுக்கித் திருப்பிக் கழற்றுங்கள். நசுங்கிய பிளாஸ்டிசினின் தடிப்புதான் உண்மையான இடைவெளி. வேனியர் அளவுகோலால் அளக்கலாம். 0.8 என்று வந்தால் மென்மையான 1 மி.மீ. பேட் பொருந்தும். மின்சாரப் பகுதியில் இடைவெளி வேறாக இருக்கும், அங்கேயும் தனியாக அளந்து பாருங்கள்.

பேஸ்டும் இறுக்கமும்

சிப்பையும் ஹீட்சிங்கையும் அல்கஹாலால் பளபளக்கத் துடையுங்கள். கணினியின் மற்ற புரொசெசரைப்போல இதற்கு உலோக மூடி இல்லை, சிலிக்கன் வெளியே இருக்கிறது. ஆகவே நடுவில் ஒரு புள்ளி வைத்து விட்டுவிடாமல் முழுப் பரப்பிலும் மெல்லப் பரப்புங்கள். ஒரு மூலை காய்ந்து நின்றால் அங்கேதான் ஹாட் ஸ்பாட் ஏறும். கொஞ்சம் கூடிப்போனால் பரவாயில்லை, வெளியே பிதுங்கிவிடும். தண்ணிப் பேஸ்ட் சூடாகி ஆறி ஆறி விளிம்புக்கு ஒதுங்கிவிடும் என்பதால் கெட்டியானதை வாங்குவது நல்லது. பேஸ்டுக்குப் பதிலாக வைக்கும் ஹனிவெல் பிடிஎம் 7950 தாள் கிடைத்தால் இன்னும் நல்லது. 45 பாகையளவில் இளகிச் சிப்போடு ஒட்டிக்கொள்ளும்.

ஃபேன் வயரைக் கொழுவிவிட்டு ஹீட்சிங்கை வையுங்கள். நான்கு ஸ்குரூவையும் குறுக்காக, அரைச் சுற்று அரைச் சுற்றாக இறுக்கவேண்டும். ஒரு பக்கத்தை முழுதாக இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் சிப்பின் விளிம்பு உடையக்கூடும். ஸ்குரூ தானாக நின்ற இடத்தில் நிறுத்துங்கள்.

ஃபேன் மாற்றம், ஒட்டும் ஹீட்சிங்க்

முன்னாலுள்ள பிளாஸ்டிக் கவசத்தையும் சின்ன ஃபேன்களையும் எடுத்துவிட்டு, இரண்டு 120 மி.மீ. ஃபேனைக் கேபிள் டையால் ஹீட்சிங்கோடு கட்டலாம். பார்க்க வடிவாக இராது, ஆனால் சத்தமும் சூடும் குறையும். ஃபேன் 25 மி.மீ. தடிப்பு, கேஸில் இடம் இருக்கிறதா என்று முதலில் அளந்து பாருங்கள். மதர்போர்டில் கொழுவினால் அந்த ஃபேன் புரொசெசர் சூட்டைப் பார்த்துத்தான் சுற்றும். ஃபேன் கன்ட்ரோல் என்ற இலவச மென்பொருளில் கார்டின் சூட்டோடு இணைத்துவிடுங்கள்.

ஒட்டும் சின்னச் சின்ன அலுமினிய ஹீட்சிங்குகளில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. நிமிர்ந்த கேஸில் கார்டின் சிப் பக்கம் கீழ்நோக்கித்தான் இருக்கும். சூட்டில் பசை இளகினால் துண்டு விழுந்து கீழே ஏதாவது ஒன்றைச் ஷோர்ட் ஆக்கிவிடும். காற்று படும் பின்தகட்டில் ஒட்டினால் பயமில்லை, பலனும் அதிகமில்லை.

அப்புறம் அதே கேம், அதே அரை மணித்தியாலம். ஹாட் ஸ்பாட் இடைவெளி 15 பாகைக்குள் வந்துவிட்டால் மூடியைப் பூட்டுங்கள். 25க்கு மேலேயே நின்றால் திருப்பிக் கழற்றி, சிப்பில் பேஸ்ட் பதிந்த அடையாளத்தைப் பாருங்கள். எந்த மூலையில் தடிப்பாக நிற்கிறதோ அந்தப் பக்கத்து பேடைத்தான் மெல்லியதாக மாற்றவேண்டும்.