கையடக்கக் கேமராவில் வீட்டுப் படம்: பாதி அழுத்தத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது

எங்கள் வீட்டில் ஒரு சின்ன டிஜிட்டல் கேமரா இருக்கிறது. வாசல் கதவுக்குப் பக்கத்து அலமாரியில், கைக்கு எட்டுகிற உயரத்தில், எப்போதும் சார்ஜோடு. மகள் நடக்கத் தொடங்கிய சமயத்தில் வாங்கியது. போன் இருக்கும்போது இது எதற்கு என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். போன் ஒருவருடையது, இந்தக் கேமரா வீட்டுக்கே பொது. கடவுச்சொல் கிடையாது, நடுவில் அழைப்பு வராது, அம்மா எடுக்கலாம், மகளே எடுக்கலாம். அப்படி எல்லோரும் எடுப்பதால்தான் எங்கள் வீட்டுப் படங்களில் நானும் இருக்கிறேன்.

ஆனால் முதல் ஆறு மாதம் எடுத்ததில் பாதிக்கு மேல் உருப்படியாக வரவில்லை. மகள் சிரித்து முடித்துத் திரும்பிய பிறகு அவளுடைய பின்னந்தலை, இல்லையென்றால் சுவர் மட்டும் தெளிவாகவும் முகம் கலங்கலாகவும் ஒரு படம். ஒவ்வொன்றுக்கும் காரணம் தேடித் தேடிக் கண்டுபிடித்ததைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். பேட்டரி போடுவது, ஆன் செய்வது எல்லாம் உங்களுக்கே தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

படி 1: கார்டு

மெமரி கார்டை கேமராவுக்குள் போட்டு, கேமராவின் மெனுவிலேயே ஃபார்மேட் (உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துப் புதிதாகத் தயார்ப்படுத்துவது) செய்யுங்கள். கணினியில் செய்ய வேண்டாம். தனக்கு வேண்டிய ஃபோல்டர் அமைப்பை கேமராவே போட்டுக்கொள்ளும். கார்டின் பக்கவாட்டில் ஒரு குட்டித் தாழ்ப்பாள் இருக்கும். பையிலிருந்து எடுக்கும்போது அது தெரியாமல் கீழே நகர்ந்துவிட்டால், கார்டு பூட்டியிருக்கிறது என்று சொல்லி கேமரா படம் எடுக்க மறுக்கும். கேமரா கெட்டுப்போய்விட்டதோ என்று பதற வேண்டாம், மேலே தள்ளிவிட்டால் போதும்.

படி 2: தேதி, நேரம்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். நான் தாண்டிப் போனேன். ஒரு சமயம் இரண்டு மாதம் பேட்டரியைக் கழற்றி வைத்திருந்தேன். திரும்பப் போட்டு ஆன் செய்ததும் தேதி கேட்டது. அந்த நேரம் மகள் சைக்கிளை முதல் தடவையாக யாரும் பிடிக்காமல் ஓட்டிக்கொண்டிருந்தாள், நான் எதையோ அழுத்திவிட்டுப் படம் எடுக்கப் போய்விட்டேன். அடுத்த நான்கு மாதப் படங்கள் முழுக்க, அவள் பிறப்பதற்கும் முந்தைய ஒரு வருடத்தின் ஜனவரி 1-இலிருந்து தொடங்கிப் பதிவாகியிருந்தன. கணினியில் தேதி வாரியாகப் பார்த்தால் அந்த சைக்கிள் படம் எல்லாவற்றுக்கும் முன்னால் போய் உட்கார்ந்திருந்தது.

ஏன் இப்படி ஆகிறது என்றால், கேமராவுக்குள் கடிகாரத்துக்கென்று தனியாக ஒரு குட்டி மின்கலம் இருக்கிறது. பெரும்பாலான கேமராக்களில் அது பெரிய பேட்டரியிலிருந்துதான் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். பெரிய பேட்டரி இல்லாமல் நாட்கணக்கில், வாரக்கணக்கில் கிடந்தால் அதுவும் தீர்ந்துவிடும், கடிகாரம் ஆரம்பத்துக்கே போய்விடும். அதனால் எடுக்காத மாதங்களிலும் பேட்டரியை அவ்வப்போது சார்ஜ் போட்டு உள்ளேயே வையுங்கள்.

ஏற்கெனவே தவறான தேதியில் எடுத்துவிட்டீர்களா? கவலைப்பட வேண்டாம். நாள், மணி எல்லாம் தவறாக இருந்தாலும் படங்களுக்கு நடுவில் உள்ள இடைவெளி சரியாகவே இருக்கும். ஒரே ஒரு படத்தின் உண்மையான நேரம் தெரிந்தால் போதும். எனக்கு அந்த சைக்கிள் நாளில் மனைவியின் போனில் எடுத்த படம் கைகொடுத்தது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிட்டு, டிஜிகாம் என்ற இலவச மென்பொருளில் மொத்தப் படங்களையும் தேர்ந்தெடுத்து, அத்தனை நாள், அத்தனை மணி கூட்டு என்று சொல்லிவிட்டேன். வேலை முடிந்தது. அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன்: எந்த விசேஷத்துக்குப் போனாலும் முதல் படம் என் போனில் தெரியும் கடிகாரத்தை எடுப்பதுதான்.

இன்னொன்று, படத்தின் மூலையில் ஆரஞ்சு எழுத்தில் தேதி அச்சிடும் வசதியை அணைத்து வையுங்கள். தேதி கோப்புக்குள் எப்படியும் இருக்கிறது. படத்தின் மேல் அச்சானதை அழிக்க முடியாது.

படி 3: ஒரு தடவை மாற்றிவிட்டு மறந்துவிட வேண்டியவை

டிஜிட்டல் ஜூமை அணையுங்கள். அது படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவது மட்டும்தான், அந்த வேலையைப் பிறகு கணினியிலேயே செய்துகொள்ளலாம். படத்தின் அளவும் தரமும் இருப்பதிலேயே பெரியது. ஃபிளாஷ் ஆட்டோவில் இருந்தால் ஆஃப். செங்கண் (ஃபிளாஷில் கண் சிவப்பாகத் தெரிவது) தவிர்க்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள், அது முதலில் ஒரு விளக்கை அடித்துவிட்டு அப்புறம்தான் படம் எடுக்கும், அந்த இடைவெளியில் குழந்தை கண்ணை மூடியிருக்கும். ஃபோகஸ் ஆனதும் வரும் பீப் ஒலியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த படிக்கு அது வேண்டும்.

படி 4: பாதி அழுத்தம்

என்னை ஆறு மாதம் அலைக்கழித்தது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பொத்தானை ஒரே அழுத்தாக அழுத்தினால் கேமரா உடனே படம் எடுத்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. அழுத்திய பிறகுதான் அது வேலையையே தொடங்குகிறது. லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்து எங்கே படம் கூர்மையாகிறது என்று தேடும், வெளிச்சத்தை அளக்கும், எல்லாம் முடிந்த பிறகுதான் எடுக்கும். நல்ல வெயிலில் இது சட்டென்று முடிந்துவிடும். வீட்டுக்குள் மாலை வெளிச்சத்தில், முக்கியமாகப் பழைய கேமராக்களில், அரை விநாடியோ அதற்கு மேலோ ஆகும். ஒரு குழந்தையின் முகத்தில் சிரிப்பு தோன்றி மறைய அது தாராளமாகப் போதும்.

இந்தத் தேடல் வேலையை முன்கூட்டியே முடித்து வைத்துக்கொள்வதுதான் பாதி அழுத்தம். விரலின் சதைப்பகுதியைப் பொத்தான் மேல் வையுங்கள். மெதுவாக அழுத்தினால் ஓரிடத்தில் லேசாகத் தடுப்பது தெரியும். அங்கேயே நிறுத்துங்கள். திரையில் பச்சைக் கட்டம் வரும், பீப் கேட்கும். இப்போது ஃபோகஸ் பூட்டியாகிவிட்டது. விரலை எடுக்காமல் அப்படியே காத்திருங்கள். சிரிப்பு வந்ததும் மிச்சத்தை அழுத்துங்கள், கிட்டத்தட்ட அதே கணத்தில் படம் விழும்.

படிக்க எளிதாக இருக்கிறது, விரலுக்குப் பழக நாளாகும். குழந்தையை வைத்துப் பழகாதீர்கள். வாசலில் கிடக்கும் ஒரு ஜோடி செருப்பை எடுத்துப் பழகுங்கள். பாதி அழுத்தி, மனதுக்குள் ஐந்து வரை எண்ணி, அப்புறம் முழுதாக. பத்து நிமிடம் இப்படிச் செய்தால் அந்தத் தடுப்பு எங்கே இருக்கிறது என்று விரலுக்கே தெரிந்துவிடும். இன்னொரு நல்லதும் நடக்கும்: பொத்தானைக் குத்துகிற பழக்கம் போய்விடும். குத்தும்போது கேமரா ஆடுகிறது, அதனாலேயே பாதிப் படங்கள் கலங்குகின்றன.

இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். பச்சைக் கட்டம் எங்கே விழுந்திருக்கிறது என்று பாருங்கள். முகத்துக்குப் பின்னால் இருக்கும் சுவரிலோ திரைச்சீலையிலோ விழுந்திருந்தால் கேமராவுக்கு அதுதான் முக்கியம், முகம் கலங்கிவிடும். விரலை எடுத்துவிட்டு, முகத்தைத் திரையின் நடுவில் வைத்து மறுபடி பாதி அழுத்தி, பிடித்தபடியே உங்களுக்கு வேண்டிய பக்கம் கேமராவைத் திருப்பிக்கொள்ளலாம். அடுத்து, பூட்டியது ஒரு குறிப்பிட்ட தூரத்துக்குத்தான். குழந்தை உங்களை நோக்கி ஓடி வந்துவிட்டால் மறுபடி பூட்ட வேண்டும்.

ஓடுகிற குழந்தையை எப்படிப் பூட்டுவது? அவள் வரப்போகும் இடத்தைப் பூட்டுங்கள். என் மகள் சோபாவிலிருந்து குதிக்கும் படத்துக்காக, அவள் விழப்போகும் மெத்தையின் ஓரத் தையலில் ஃபோகஸைப் பூட்டிவிட்டுக் காத்திருந்தேன். முடி மேலே பறக்க, இரண்டு கையும் விரிந்து, கண் மட்டும் மெத்தையைப் பார்த்துக்கொண்டு அவள் அந்தரத்தில் இருக்கிறாள். அந்தப் படத்தை வீட்டில் மாட்டியிருக்கிறோம். ஊஞ்சல் என்றால் இன்னும் எளிது, உச்சியில் ஒரு கணம் நின்று திரும்பும் அல்லவா, அந்த இடம்தான்.

படி 5: வீட்டுக்குள் வெளிச்சம்

பாதி அழுத்தும்போது நிறைய கேமராக்கள் திரையில் ஷட்டர் வேகத்தைக் காட்டும். அதைப் பார்க்கப் பழகுங்கள். 1/15 என்று வந்தால் விநாடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரம் ஷட்டர் திறந்திருக்கும், அதற்குள் குழந்தை தலையைத் திருப்பினால் கோடாக இழுத்துவிடும். விளையாடிக்கொண்டிருக்கும் குழந்தைக்கு 1/125, ஓடினால் 1/250 அல்லது அதற்கு மேல் வேண்டும். ஆட்டம் தடுக்கும் வசதி இருக்கிறதே என்று நம்ப வேண்டாம். அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் தடுக்கும், குழந்தையின் அசைவை அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

வேகத்தைக் கூட்ட முதல் வழி ஜன்னல். ஜன்னல் பக்கமாகக் குழந்தையின் முகம் இருக்கும்படி நீங்கள் நகர்ந்துகொள்ளுங்கள். இரண்டாவது, ஜூம் செய்யாதீர்கள், நடந்து கிட்டே போங்கள். லென்ஸின் திறப்பை எஃப் எண்ணால் சொல்வார்கள், எண் கூடக் கூடத் திறப்பு சிறிதாகும். ஜூம் இல்லாதபோது எஃப் 2.8 உள்ள ஒரு லென்ஸ், முழு ஜூமில் எஃப் 5.9-க்குப் போகிறது என்றால், உள்ளே வரும் வெளிச்சம் கால் பங்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது. மூன்றாவது, ஐஎஸ்ஓவை (கிடைத்த வெளிச்சத்தை கேமரா எவ்வளவு பெருக்கிக்கொள்ளும் என்ற அளவு) 800 வரை ஏற்றுங்கள். சின்ன சென்சாரில் (வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லு) புள்ளி புள்ளியாகத் தெரியும்தான். இருக்கட்டும். புள்ளி விழுந்த சிரிப்பை அச்சிட்டு மாட்டலாம், கலங்கிய சிரிப்பை ஒன்றும் செய்ய முடியாது. இதையெல்லாம் மாற்ற முடியாத கேமராவாக இருந்தால், ஓடும் மனிதர் படம் போட்ட மோடையோ குழந்தைகளுக்கான மோடையோ வைத்துப் பாருங்கள், அது வேகத்தைத் தானாகக் கூட்டும்.

ஃபிளாஷ் எனக்குப் பிடிக்காது. முகத்தைத் தட்டையாக்கி, பின்னால் இருப்பதையெல்லாம் இருட்டாக்கிவிடும். இந்தச் சின்ன ஃபிளாஷ் சுமார் மூன்று மீட்டருக்கு மேல் பெரிதாக எட்டுவதும் இல்லை. ஒரே ஒரு இடத்தில் மட்டும் வேண்டியதுதான்: ஜன்னலுக்கோ வெயிலுக்கோ முதுகைக் காட்டி நிற்பவர்களை எடுக்கும்போது, பகலிலும் ஃபிளாஷை வலிய ஆன் செய்யுங்கள், முகம் தெரியும்.

இனிமேல்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால் என் சிபாரிசு, முப்பது மடங்கு ஜூம் என்று போட்டிருப்பதை விட்டுவிட்டு 1 அங்குல சென்சார் உள்ளதைப் பாருங்கள். சாதாரணக் கையடக்கக் கேமராக்களில் இருக்கும் 1/2.3 அங்குல சென்சாரைவிட அதன் பரப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு. 2012-இல் வந்த சோனி ஆர்எக்ஸ்100 அந்த வகைதான், 20 மெகாபிக்சல், சட்டைப்பையில் அடங்கும். இன்றைக்கும் வீட்டுப் படத்துக்கு அது தாராளம். மெகாபிக்சல் எண்ணை மட்டும் பார்த்து வாங்கவே வாங்காதீர்கள்.

படி 6: கணினிக்கு மாற்றுவது

கேபிளைவிடக் கார்டு ரீடர் நல்லது, நடுவில் பேட்டரி தீர்ந்துவிடுமோ என்ற பயம் இல்லை. கார்டுக்குள் டிசிஐஎம் என்ற ஃபோல்டரில் படங்கள் இருக்கும். வருடம், மாதம் என்று பெயர் வைத்துத் தனித்தனி ஃபோல்டரில் போடுங்கள். எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் கொட்டினால் ஆபத்து, ஏனென்றால் பல கேமராக்களில் கோப்பு எண் 9999 வரை போய்த் திரும்ப 0001-இலிருந்து தொடங்கும். அதே பெயரில் பழைய படம் இருந்து, மேலே எழுதட்டுமா என்று கணினி கேட்கும்போது யோசிக்காமல் சரி என்று அழுத்திவிட்டால் பழையது போனது போனதுதான். இரண்டு இடத்தில் பிரதி எடுத்து, இரண்டையும் திறந்து பார்த்த பிறகே கார்டை ஃபார்மேட் செய்யுங்கள். தவறி அழித்துவிட்டால் அந்தக் கார்டில் மேற்கொண்டு ஒரு படம்கூட எடுக்காமல் உடனே வெளியே எடுங்கள். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள் பெரும்பாலும் மீட்டுக் கொடுத்துவிடும்.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டுக் கேட்டவர்களிடமிருந்து மூன்று சிக்கல்கள் வந்தன.

அப்பாவின் பழைய கேமராவில் புது 64 ஜிபி கார்டைப் போட்டால் கார்டு பிழை என்று வருகிறதாம். கார்டில் கோளாறு இல்லை. பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் இவை பெரும்பாலும் மூன்று வகை: 2 ஜிபி வரை எஸ்டி, 32 ஜிபி வரை எஸ்டிஎச்சி, அதற்கு மேல் எஸ்டிஎக்ஸ்சி. புது கேமரா பழைய கார்டைப் படிக்கும், பழைய கேமராவுக்குப் புது வகை புரியாது. கார்டு செருகும் இடத்திலோ கையேட்டிலோ எந்த வகை என்று இருக்கும். வீட்டுப் படத்துக்கு 16 ஜிபியே போதும், சுமார் 2,000 படம் பிடிக்கும்.

இன்னொருவருக்குக் கடற்கரைக்குப் போய்வந்த பிறகு லென்ஸ் பாதியில் நின்றுவிட்டது. மணல்தான். கையால் தள்ளவோ இழுக்கவோ வேண்டாம், உள்ளே இருக்கும் பற்சக்கரம் உடைந்துவிடும். அணைத்துவிட்டு, லென்ஸைக் கீழ்நோக்கிப் பிடித்து, கைப்பம்பால் இடுக்குகளில் காற்றடித்துப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால் பழுது பார்ப்பவரிடம்தான் கொடுக்க வேண்டும். மணல் பறக்கும் இடத்தில் ஆன் செய்யாமல் மூடும் பையிலேயே வைத்திருப்பது நல்லது.

மூன்றாவது, 6-க்கு 4 அங்குலத்தில் அச்சிட்டால் தலை வெட்டுப்படுகிறது என்றார் ஒருவர். கையடக்கக் கேமராவின் படம் பெரும்பாலும் 4-க்கு 3 விகிதம், அந்தக் காகிதமோ 3-க்கு 2. காகிதத்தை நிரப்ப, படத்தின் உயரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு வெட்டப்படுகிறது. மெனுவில் 3-க்கு 2 இருந்தால் அதை வையுங்கள். இல்லையென்றால் தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் கொஞ்சம் இடம் விட்டு எடுங்கள். ஏற்கெனவே எடுத்த படங்களை அச்சிடும்போது, எதையும் வெட்டாமல் ஓரத்தில் வெள்ளை விட்டு முழுப் படமாகப் போடச் சொல்லிக் கேளுங்கள்.