சாஃப்ட்பால்: பேஸ் ஓட்ட விதிகள், புதிதாக ஆடுபவர்களுக்கு

ஃபாஸ்ட்பிட்ச் சாஃப்ட்பாலில் ஒரு பேஸிலிருந்து (ஓடித் தொட வேண்டிய இடம்) அடுத்த பேஸுக்கு 60 அடி. நல்ல ஓட்டக்காரர்கள்கூட விதி தெரியாமல் இந்தத் தூரத்துக்குள் அவுட் ஆகிவிடுகிறார்கள்.

படி 1: முதல் பேஸ்
அடித்ததும் பந்தைத் திரும்பிப் பார்க்காமல் ஓடுங்கள். பேஸை மிதித்துத் தாண்டிப் போகலாம். இரண்டாவது பேஸை நோக்கி முயலாதவரை உங்களை டேக் செய்ய (பந்தோடு தொட்டு அவுட் ஆக்க) முடியாது. இரட்டை பேஸ் போட்டிருந்தால் வெள்ளைப் பாதி ஃபீல்டருக்கு (பந்தைப் பிடிக்கும் எதிரணி ஆட்டக்காரர்), ஆரஞ்சுப் பாதி உங்களுக்கு.

படி 2: பேஸை விடும் நேரம்
பந்து வீசும் பிட்சரின் கையை விட்டுப் பந்து போகும்வரை கால் பேஸிலேயே இருக்க வேண்டும். பேஸ்பால் பார்த்துப் பழகியவர்கள் முன்னரே நகர்ந்து மாட்டிக்கொள்வார்கள். முந்தினால் ரன்னர் அவுட். வீசிய பந்தும் கணக்கில் வராது.

படி 3: ஃபோர்ஸா, டேக்கா?
மொத்தக் குழப்பமும் இங்கேதான். ஒவ்வொரு பந்தும் வீசப்படுவதற்கு முன்பு, உங்களுக்குப் பின்னால் உள்ள பேஸ்களைப் பாருங்கள். நீங்கள் இரண்டாவது பேஸில், இன்னொருவர் முதல் பேஸில் என்றால், தரையோடு அடித்த பந்துக்கு நீங்கள் ஓடியே ஆக வேண்டும்; இதுதான் ஃபோர்ஸ். ஃபீல்டர் பந்தோடு மூன்றாவது பேஸை மிதித்தாலே நீங்கள் அவுட். முதல் பேஸ் காலியாக இருந்தால் கட்டாயம் இல்லை. பந்து இருக்கும் கையாலோ கிளவுஸாலோ உங்களைத் தொட்டாக வேண்டும்.

ஃபோர்ஸ் பாதியில் மறையவும் செய்யும். முதல் பேஸைக் காக்கும் ஃபீல்டர் பந்தை எடுத்துத் தன் பேஸை மிதித்துவிட்டால் பேட்டர் அவுட். அதன்பின் இரண்டாவது பேஸுக்கு ஓடுபவரை டேக் செய்துதான் அவுட் ஆக்க முடியும். அவர் அங்கே போய்த்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை, திரும்பலாம்.

படி 4: உயரப் போன பந்து
கேட்ச் பிடித்தால் பழைய பேஸை மறுபடி தொட வேண்டும். அதற்குள் பந்து அங்கே போனால் அவுட். மூன்றாவது பேஸில் நிற்பவர் காலை ஊன்றிக் காத்திருந்து, பந்து ஃபீல்டரின் கையில் பட்ட கணமே ஹோமுக்கு (பேட்டர் நின்று அடிக்கும் இடம்) கிளம்பலாம். முழுதாகப் பிடிக்கும்வரை காத்திருந்தால் நேரம்தான் வீணாகும். ஏற்கெனவே இரண்டு அவுட் என்றால் யோசிக்காமல் ஓடுங்கள்.

படி 5: பிட்சர் வட்டம்
8 அடி ஆரமுள்ள வட்டத்துக்குள் பிட்சர் பந்தோடு நிற்கும்போது, பேஸுக்கு வெளியே இருக்கும் ரன்னர் ஒருமுறை நிற்கலாம். நின்றதும் உடனே முன்னேயோ பின்னேயோ போய்விட வேண்டும். தயங்கினால் அம்பயர் அவுட் கொடுப்பார். பிட்சர் எறிவதுபோல் கையை ஓங்கினால் இந்தக் கட்டுப்பாடு நீங்கிவிடும்.