சென்னை போகும் வழியில் புதுச்சேரியில் ஓர் இரவு: சேலத்திலிருந்து கிளம்புகிறவர்களுக்கு

சேலத்திலிருந்து காரில் சென்னை போகிறவர்கள் உளுந்தூர்பேட்டை, விழுப்புரம், திண்டிவனம் என்று ஒரே மூச்சில் ஓட்டி முடிப்பது வழக்கம். சுமார் 340 கிலோமீட்டர். விழுப்புரத்தில் வலப்பக்கம் திரும்பிப் புதுச்சேரியில் ஓர் இரவு தங்கி, மறுநாள் அங்கிருந்து சென்னை போனால் கூடுதலாக வருவது முப்பது நாற்பது கிலோமீட்டர்தான். கல்யாணத்துக்கோ, விமானம் பிடிக்கவோ போகிற பயணத்தில் ஒரு நாள் மிச்சம் இருந்தால் அதை இப்படிச் செலவழிக்கலாம்.

ஒன்றை மட்டும் முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். ஓர் இரவில் புதுச்சேரியைப் பார்த்து முடிக்க முடியாது. ஆரோவில், படகுத்துறை, அரிக்கமேடு என்று பட்டியல் போட்டால், ஒரே மதியத்தில் ஏரி, லேடீஸ் சீட், பகோடா பாயின்ட், கிளியூர் அருவி எல்லாம் ஓடிப் பார்த்துவிட்டு ஏற்காட்டிலிருந்து தலைசுற்றலோடு இறங்குகிற கதைதான் ஆகும். பிரெஞ்சுக்காரர்கள் இருந்த பகுதி கடலோரமாக ஒன்றரை கிலோமீட்டர் நீளம், நாலைந்து தெரு அகலம். அதற்குள்ளேயே இருந்தால் போதும். காரை நிறுத்திய இடத்திலிருந்து மறுநாள் காலைவரை எடுக்கத் தேவையில்லை.

எந்த நாள்

ஞாயிறு முதல் வியாழன் வரை எந்த இரவும் நல்லது. வெள்ளி, சனியில் சென்னையும் பெங்களூரும் அங்கேதான் இருக்கும். அறை வாடகையும் ஏறிவிடும். ஜூலை 14 பிரெஞ்சு தேசிய தினம், ஆகஸ்ட் 15 சுதந்திர தினத்தோடு அரவிந்தர் பிறந்த நாள், டிசம்பர் 31 ஊரே தெருவில். ஓய்வுக்காகப் போகிறவர்கள் இந்த மூன்றையும் தவிர்க்கவும். ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் இதம். ஏப்ரல், மே மாதங்களில் சேலத்து வெயிலுக்குப் பழகியவர்கள் "இது என்ன பெரிய வெயில்" என்று கிளம்புவார்கள். சேலத்தில் வியர்வை காய்ந்துவிடும், அங்கே காயாது. பகல் 11 முதல் 4 வரை வெளியே நடக்கத் திட்டமே போடாதீர்கள்.

கிளம்புவதும் போய்ச் சேருவதும்

காலை 9 மணிக்குக் கிளம்பினால் சாப்பாட்டுக்கு நிறுத்தி, மதியம் 2 மணி வாக்கில் சேரலாம். அறை கிடைக்கும் நேரமும் அதுதான். உளுந்தூர்பேட்டை வரை 136 கிலோமீட்டர். பேருக்கு நான்குவழிச் சாலை. ஆனால் வாழப்பாடி, ஆத்தூர், சின்னசேலம், கள்ளக்குறிச்சி போன்ற ஊர்களைச் சுற்றிப் போகும் புறவழிகளை முதலில் இருவழியாகத்தான் போட்டார்கள். அகலப்படுத்தாத இடத்தில் நான்குவழி திடீரென்று சுருங்கி, எதிரே லாரி வரும். முந்திச் செல்லும் வேகத்திலேயே அந்தச் சுருக்கத்துக்குள் நுழைவதால் இந்தச் சாலையில் பல விபத்துகள் நடந்திருக்கின்றன. "இருவழி" என்ற பலகையைப் பார்த்தவுடன் இடது ஓரம் வந்துவிடுங்கள்.

வழிக்குத் தட்டுவடை செட் வாங்கினால் கட்டிய செட்டாக வாங்காதீர்கள். ஆத்தூர் தாண்டுவதற்குள் நமத்து, சட்னி பையெல்லாம் இறங்கியிருக்கும். தட்டை தனி, பீட்ரூட் கேரட் துருவல் தனி, இரண்டு சட்னியும் தனித்தனி டப்பாவில். வண்டியை நிழலில் நிறுத்தி அங்கேயே அடுக்கிச் சாப்பிடலாம்.

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி 40 கிலோமீட்டருக்குள். மதகடிப்பட்டில் புதுச்சேரி வந்துவிட்டது என்று நினைப்பீர்கள். திருபுவனை தாண்டினால் கண்டமங்கலத்தில் மறுபடி தமிழ்நாடு. பிறகு மீண்டும் புதுச்சேரி. பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் துண்டு துண்டாக நிலம் பிடித்ததன் மிச்சம் அது. வில்லியனூர் தாண்டி ரெட்டியார்பாளையம் முதல் இந்திரா காந்தி சிலை வரை மாலை 5 மணிக்கு மேல் வண்டி ஊரும். அதற்காகவும்தான் 2 மணி என்று சொன்னது.

பேருந்தில் வருகிறவர்கள் சேலம் புதிய பேருந்து நிலையத்தில் புதுச்சேரிக்கு நேரடிப் பேருந்து இருக்கிறதா என்று கேட்டு ஏறுவது நல்லது. சென்னைப் பேருந்தில் ஏறி விழுப்புரத்தில் மாறலாம், ஆனால் சில வண்டிகள் ஊருக்குள் வராமல் புறவழியிலேயே இறக்கிவிடும். ஏறும்போதே நடத்துநரிடம் "பஸ் ஸ்டாண்டுக்குள்ள போகுமா" என்று கேளுங்கள்.

அறையை எங்கே பிடிப்பது

இந்தப் பயணத்தில் பணம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். ஊரை வடக்கு தெற்காக ஒரு பெரிய வாய்க்கால் இரண்டாகப் பிரிக்கிறது. வாய்க்காலுக்குக் கிழக்கே, கடல் பக்கம், வெள்ளையர் நகரம். மேற்கே தமிழர் நகரம். விளம்பரத்தில் "பிரெஞ்சு காலனிக்கு அருகில்" என்று இருக்கும், போய்ப் பார்த்தால் மேற்கே இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும். பணம் கட்டும் முன் வரைபடத்தில் வாய்க்காலைக் கண்டுபிடித்து, விடுதி அதற்குக் கிழக்கே இருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய வீட்டை விடுதியாக மாற்றிய இடங்களில் தங்குவது தனி சுகம். பதினைந்தடி உயரக் கூரை, மரச் சட்டமிட்ட சன்னல், உள்ளே முற்றம். ஆனால் லிஃப்ட் இருக்காது, மரப்படி செங்குத்தாக இருக்கும். அப்பா அம்மாவை அழைத்துப் போகிறவர்கள் தரைத்தள அறை என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்க்காலை ஒட்டிய அறை வேண்டாம். கோடையில் வாடை, இரவில் கொசு.

செலவு குறைய வேண்டும் என்றால் அரவிந்தர் ஆசிரமத்தின் விருந்தினர் இல்லங்கள் உண்டு. சுத்தமாக இருக்கும். மது, புகை கூடாது. இரவு பத்தரை வாக்கில் வாசலைப் பூட்டிவிடுவார்கள். இரவு வெகுநேரம் கடற்கரையில் உட்காரும் ஆசை இருந்தால் இது ஒத்துவராது.

கார் வைத்திருப்பவர்கள் கவனிக்க: கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை வண்டி விடமாட்டார்கள். அந்தச் சாலையில் அறை என்றால் 6 மணிக்கு முன்னால் போய்ச் சேருங்கள், அல்லது பின்தெரு வழியாக உள்ளே வர வழி இருக்கிறதா என்று விடுதியில் கேளுங்கள். உள்தெருக்கள் பல ஒருவழி.

மாலை நடை

நான்கரைக்குக் கிளம்பிப் பாரதி பூங்காவில் தொடங்குங்கள். நடுவே வெள்ளையாக நிற்கும் ஆயி மண்டபம் மூன்றாம் நெப்போலியன் காலத்தில் எழுந்தது. தன் வீட்டை இடித்துவிட்டுக் குளம் வெட்டிய தாசி ஒருத்தியின் பெயர் ஆயி. ஊருக்கு நல்ல தண்ணீர் வந்ததோடு சேர்த்துச் சொல்லப்படும் கதை அது. ஒரு பிரெஞ்சு அரசன் காலத்து மண்டபத்துக்குத் தமிழ்த் தாசியின் பெயர் நிலைத்திருப்பது இந்த ஊரில்தான் நடக்கும்.

அங்கிருந்து மணக்குள விநாயகர் கோயில் சில நிமிட நடை. கோயில் யானை லட்சுமி 2022 நவம்பரில் இறந்துவிட்டது. குழந்தைகளிடம் யானை காட்டுவதாகச் சொல்லி அழைத்துப் போய் மாட்டிக்கொள்ள வேண்டாம். பக்கத்திலேயே அரவிந்தர் சமாதி. உள்ளே பேசக் கூடாது, மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை விடமாட்டார்கள். மாலை 6 மணிக்குள் பார்த்துவிட வேண்டும் என்பதால் இதை முதலில் வைத்துக்கொள்ளுங்கள், கோயில் இரவு ஒன்பது வரை காத்திருக்கும்.

ஆறு மணிக்கு வண்டிகள் நின்றதும் கடற்கரைச் சாலைக்கு வாருங்கள். காந்தி சிலை, 1836-இல் ஏற்றிய பழைய கலங்கரை விளக்கம், முதல் உலகப் போர் நினைவுச் சின்னம் எல்லாம் இதே சாலையில். மேரி என்று அழைக்கப்படும் பழைய நகராட்சிக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. இப்போது நிற்பது அதே வடிவில் புதிதாகக் கட்டியது. தெற்கே பழைய பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் சிலை வரை போய்த் திரும்பினால் போதும். கரையில் கொட்டியிருக்கும் கருங்கல் மேல் இறங்கிப் படம் எடுக்காதீர்கள். பாசி வழுக்கும், கல்லுக்குக் கல் இடைவெளியில் கால் சிக்கும். மணல் வேண்டும் என்றால் தலைமைச் செயலகம் எதிரே மீண்டும் சேர்ந்த மணல்திட்டு இருக்கிறது. உட்காரத்தான், குளிக்க அல்ல.

சாப்பாடு

பிரெஞ்சு உணவகத்தில் இரவு உணவு என்றால் ஏழரைக்குள் உட்கார்ந்துவிடுங்கள். வாரக் கடைசியில் முன்பதிவு வேண்டும். சைவ உணவுக்காரர்கள் க்ரெப் என்ற மெல்லிய பிரெஞ்சு தோசை வகைகளில் காளானோ சீஸோ வைத்ததைக் கேட்கலாம். சூப் சைவமா என்று கேட்கும்போது "வேகவைத்த தண்ணீர் எது" என்று சேர்த்துக் கேளுங்கள். வெங்காயச் சூப் பெரும்பாலும் மாட்டெலும்புச் சாற்றில் செய்வது. புதுச்சேரி வீடுகளின் சமையலில் தாளிக்கப் போடும் வெங்காய வடகம்தான் பிரான்சுக்குப் போய் "வடுவான்" என்ற மசாலாவாக ஆனது. மீன் சாப்பிடுகிறவர்கள் அந்த வாசனை உள்ள குழம்பைத் தேடிச் சாப்பிடலாம்.

க்ரோசான் என்ற பிறை வடிவ வெண்ணெய் ரொட்டி சூடாகக் கிடைப்பது காலையில்தான். மாலையில் மிச்சமிருப்பதை நுண்ணலை அடுப்பில் சூடுபண்ணித் தருவார்கள். அடுக்கு அடுக்காக உதிர வேண்டியது ரப்பராக இழுக்கும். ஒரு ரொட்டிக்கடையை முதல் நாளே பார்த்து, திறக்கும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

விடியற்காலை

இந்தப் பயணத்தின் மிகச் சிறந்த இரண்டு மணி நேரம் இது. சூரியன் உதிப்பது கோடையில் ஆறுக்குச் சற்று முன், ஜனவரியில் ஆறரை. கால் மணி முன்னதாகக் கடற்கரையில் இருங்கள். உதயம் முடிந்ததும் உள்தெருக்களுக்குத் திரும்புங்கள்: துமா, ரோமன் ரோலான், சுஃப்ரேன். தெருமுனையில் நீலப் பலகையில் பிரெஞ்சும் தமிழும் இருக்கும். "ரூ" என்றால் தெரு; ஆகவே "ரூ துமா தெரு" என்பது "நடு சென்டர்" மாதிரி. தெருக்கள் சதுரக் கட்டமாக இருப்பதால் வழி தவறினாலும் கிழக்கே நடந்தால் கடல் வந்துவிடும். அந்தக் கட்டத்தைத் திட்டமிட்டவர்கள் 1693 முதல் 1699 வரை ஊரைப் பிடித்து வைத்திருந்த டச்சுக்காரர்கள் என்பது பலருக்குத் தெரியாது.

மஞ்சள் சுவர்மேல் காலை வெயில் சாய்வாக விழுவது ஏழு மணி வரைதான். எட்டு மணிக்கு மேல் ஒவ்வொரு கதவு முன்னும் படப்பிடிப்புக் கும்பல் நிற்கும். அவை பெரும்பாலும் ஆள் குடியிருக்கும் வீடுகள். படிக்கட்டில் ஏறி உட்கார்ந்து படம் எடுத்தால் உள்ளிருந்து திட்டு விழும், நியாயமான திட்டு. துமா தெருவில் 1855-இல் கட்டிய தேவதைகளின் அன்னை ஆலயத்தை ஊர்க்காரர்கள் கப்ஸ் கோயில் என்பார்கள், கப்புச்சின் துறவிகளால் வந்த பெயர். மிஷன் வீதியில் இருக்கும் பெரிய ஆலயம் சம்பா கோயில். புனித பவுல் தமிழ் வாயில் சம்பா ஆகிவிட்டார். ஆட்டோக்காரரிடம் இந்தப் பெயர்களைச் சொன்னால்தான் சட்டென்று புரியும்.

பலரும் விட்டுவிடுவது வாய்க்காலுக்கு மேற்கே உள்ள வைசியாள் வீதி. அரை மணி நேரம் ஒதுக்குங்கள். அங்கே ஒரே வீட்டில் கீழே திண்ணை, மரத்தூண், ஓட்டுத் தாழ்வாரம். மாடியில் வளைந்த சன்னலும் சுண்ணாம்புத் தூண் வேலைப்பாடும். நாட்டுக்கோட்டை வீடு பார்த்த கண்ணுக்குக்கூட இது புதிது. தமிழ் படிக்கிறவர்களுக்கு இன்னும் இரண்டு இடம்: 1908 முதல் 1918 வரை இந்த ஊரில் இருந்த பாரதியின் வீடு, பெருமாள் கோயில் தெருவில் பாரதிதாசன் வீடு. திங்கள்கிழமை பூட்டியிருக்கும் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள்.

கிளம்பும்போது

பத்து மணிக்குள் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குச் சென்னை. விமான நிலையம், தாம்பரம் பக்கம் போகிறவர்களுக்குக் கோரிமேடு வழியாகத் திண்டிவனம் சாலைதான் சரி. நேராக ஜிஎஸ்டி சாலையில் கொண்டுபோய் விடும். இந்தச் சாலையில் ஆத்தூர் சுங்கச்சாவடி என்று வரும். அது நம்ம ஆத்தூர் அல்ல, அச்சிறுபாக்கம் பக்கத்து ஆத்தூர். திருவான்மியூர், அடையாறு போகிறவர்கள் மரக்காணம் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகலாம், 150 கிலோமீட்டர். மரக்காணம் பக்கம் உப்பளம். சாலை அகலப்படுத்தும் இடங்களில் தாமதமாகும், அரை மணி கூடுதலாக வையுங்கள்.

பெட்ரோல் தமிழ்நாட்டைவிடக் குறைவு. ஊரைவிட்டு வெளியேறும் முன் டேங்க்கை நிரப்பிவிடுங்கள். மது பாட்டில் எதையும் வண்டியில் வைத்துக்கொண்டு எல்லை தாண்டாதீர்கள். கோட்டக்குப்பம் பக்கம் சோதனையில் டிக்கியைத் திறக்கச் சொல்வார்கள்.