டயர், குக்கர், சிலிண்டர்: காற்றுக் கணக்கில் நாம் சறுக்கும் இடங்கள்

போன சித்திரையில் தர்மபுரியிலிருந்து சேலம் போய்த் திரும்பினேன். காலையில் வாசல் நிழலில் நின்ற காருக்கு 32 பிஎஸ்ஐ காற்று பிடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். மத்தியானம் திரும்பும்போது தொப்பூர் கணவாய் ஏறி முடித்ததும் ஒரு பஞ்சர் கடை ஓரம் நிறுத்தினேன். சும்மா பார்க்கச் சொன்னால் மீட்டர் 36 காட்டுகிறது. “சூட்டுல ஏறிக்கிச்சுங்ணா, இறக்கி விட்டுடறேன்” என்றார் கடைத்தம்பி. நானும் தலையாட்டினேன். மறுநாள் காலை வண்டி ஆறிக் கிடந்தபோது பார்த்தால் 28. இத்தனைக்கும் வருஷா வருஷம் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு வாயு விதிகள் நடத்துகிற ஆள் நான்.

அந்தத் தம்பி மேல் தப்பில்லை, தலையாட்டியவன் மேல்தான் தப்பு. கம்பெனி சொல்லும் 32 என்பது ஆறிய டயருக்கான எண். ஓடினால் சூடேறும், சூடேறினால் நாலைந்து பிஎஸ்ஐ கூடும் என்பதையும் சேர்த்துத்தான் அந்த எண்ணை வைத்திருக்கிறார்கள். சூட்டில் கூடியதை இறக்கிவிட்டால் ஆறியபின் காற்று குறைந்த டயரோடு ஓடுகிறோம். காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிரும், அதிலேயே இன்னும் சூடாகும். கோடையில் டயர் வெடிக்கக் கூடாதென்று காற்றைக் குறைத்து வைப்பவர்கள், வெடிக்கிற வழியைத்தான் திறந்துவைக்கிறார்கள். வண்டி மூன்று மணி நேரமாவது நின்ற பிறகு, இல்லாவிட்டால் பக்கத்து பங்க்குக்கு ஓட்டிப்போன அளவிலேயே பார்ப்பதுதான் சரியான அளவு.

இதே டயரில் கணக்குத் தவறுகள் இரண்டு ஒளிந்திருக்கின்றன. இரண்டுமே பரீட்சைப் பேப்பரில் நான் அதிகம் சிவப்பு மை செலவழிக்கும் இடங்கள்.

முதலாவது, செல்சியஸை அப்படியே போடுவது. காலையில் டயர் 27 டிகிரி, மத்தியானம் 53 டிகிரி என்று வைப்போம். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, ஆகவே அழுத்தமும் இரண்டு மடங்கு என்று எழுதுகிறார்கள். அப்படி இருந்தால் கிருஷ்ணகிரி டோல்கேட்டைத் தாண்டுவதற்குள் பாதி வண்டி வெடித்திருக்கும். செல்சியஸின் பூஜ்யம் தண்ணீர் உறையும் இடம். அதற்கும் காற்றுக்கும் சம்பந்தமில்லை. அடைபட்ட வாயுவின் அழுத்தம் ஏறுவது கெல்வின் என்ற வெப்பநிலை அளவின் விகிதத்தில்தான். செல்சியஸோடு 273-ஐக் கூட்டிக் கெல்வினாக்கினால் 300, 326. ஏற்றம் ஒன்பது சதவீதம்கூட இல்லை.

இரண்டாவது, மீட்டர் காட்டும் எண்ணையே முழு அழுத்தம் என்று நம்புவது. மீட்டர் காட்டுவது வெளிக்காற்றைவிட உள்ளே எவ்வளவு அதிகம் என்பதை மட்டும். டயர் தட்டையாகி மீட்டர் பூஜ்யம் காட்டும்போதும் உள்ளே வெளிக்காற்று அளவுக்கு அழுத்தம் இருக்கத்தான் செய்கிறது. கடல் மட்டத்தில் அது 14.7 பிஎஸ்ஐ. நம் ஊர் உயரத்துக்கு ஏறக்குறைய 14. ஆகவே காலையில் உள்ளே இருந்தது 32 இல்லை, 46. அதை 326-ஆல் பெருக்கி 300-ஆல் வகுத்தால் 50. பதினாலைக் கழித்தால் 36. கடைத்தம்பியின் மீட்டர் சொன்ன அதே எண். 14-ஐ மறந்து 32-ஐப் பெருக்கினால் 35-க்குக் கீழேயே நின்றுவிடும்.

நைட்ரஜன் பிடித்தால் சூட்டில் ஏறாது என்கிறார்களே? ஏறும். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஈரப்பதம் இல்லாதது, ரப்பர் வழியாகக் கசிவது கொஞ்சம் மெதுவாக நடப்பது ஆகியவை நைட்ரஜனில் உண்மையான லாபம். விதி இரண்டுக்கும் ஒன்றுதான்.

அப்புறம் சைக்கிள் பம்ப். நாலு அடி அடித்ததும் அடிப்பக்கம் சுடுகிறது. உராய்வு என்று சொல்லி விட்டுவிடுகிறோம். உராய்வு கொஞ்சம், அமுக்கப்பட்ட காற்றின் சூடுதான் அதிகம். 1662-இல் ராபர்ட் பாயில் வெளியிட்ட விதி (வாயுவைப் பாதி இடத்துக்கு அமுக்கினால் அழுத்தம் இரண்டு மடங்கு), வெப்பநிலை மாறாமல் இருந்தால் மட்டும் என்ற நிபந்தனையோடு வருவது. வேகமாக அடிக்கும் பம்பில் அந்த நிபந்தனை நிற்காது.

சமையலறையில் தவறு வேறு மாதிரி. கொள்ளு வேகவைக்கும் குக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் நம் ஊரில் 98 டிகிரி சொச்சத்திலேயே கொதித்துவிடும். குக்கருக்குள் சுமார் 120 டிகிரி. கெல்வினில் இது ஆறு சதவீத ஏற்றம். வாயு விதிப்படி 14 பிஎஸ்ஐ 15 ஆகவேண்டும், அவ்வளவே. ஆனால் உள்ளே இருப்பதோ கிட்டத்தட்ட 29. விதி பொய்யா? இல்லை. வாயுவின் அளவு மாறாத இடத்துக்குத்தான் அந்த விதி. குக்கருக்குள் தண்ணீர் ஆவியாகி ஆவியாகி வாயு கூடிக்கொண்டே போகிறது. நான் பார்த்தவரையில் கணக்குகளில் பாதி கவிழ்வது இந்த ஒரு கேள்வியைக் கேட்காததால்தான்: உள்ளே இருக்கும் வாயு அதே அளவுதானா, கூடுகிறதா, குறைகிறதா?

வெயிட்டு தூக்கிய பிறகும் அடுப்பை முழுசாக எரியவிடுவது வீண். வெயிட்டு அழுத்தத்தை ஓர் இடத்தில் நிறுத்திவிட்டது. அழுத்தம் நின்றால் வெப்பநிலையும் நிற்கும். எரியும் கேஸ் எல்லாம் விசிலாகத்தான் போகும். சிம்மில் வைத்தாலும் கொள்ளு அதே 120-இல்தான் வேகும்.

ஆவி அடங்குமுன் மூடியைத் திருகுவது மட்டும் வேண்டவே வேண்டாம். இருபது சென்டிமீட்டர் அகல மூடியின் பரப்பு 314 சதுர சென்டிமீட்டர். உள்ளே இருக்கும் 29-இல் வெளிக்காற்றின் 14 போக மிச்சம் 15 பிஎஸ்ஐ, அதாவது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறக்குறைய ஒரு கிலோ தள்ளுகிறது. மொத்தம் முந்நூறு கிலோவுக்கு மேல், அதாவது ஆறு சிமெண்ட் மூட்டை. அத்தனையும் உங்கள் முகத்தை நோக்கி நிற்கிறது.

கேஸ் சிலிண்டரில் எல்லாரும் ஒருமுறையாவது ஏமாந்திருப்போம். தீரத்தீர அழுத்தம் குறையும், சுடர் சின்னதாகும், அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று காத்திருந்தால், விருந்தாளி வந்த அன்று பட்டென்று நின்றுவிடும். உள்ளே இருப்பது பெரும்பாலும் திரவம். மேலே கொஞ்சம் ஆவி. திரவம் ஒரு கை அளவு மிச்சம் இருந்தாலும் ஆவியின் அழுத்தம் அன்றைய சூட்டைப் பொறுத்ததே, மிச்சத்தைப் பொறுத்ததல்ல. எடை போடுவதுதான் நிச்சயமான வழி: காலி எடையைச் சிலிண்டரிலேயே எழுதியிருப்பார்கள், நிறைந்தால் அதற்கு மேல் 14.2 கிலோ. தராசு இல்லையா? ஈரத்துணியால் மேலிருந்து கீழாக ஒரு பட்டை துடைத்துவிட்டுப் பாருங்கள். மேல்பகுதி சீக்கிரம் காய்ந்துவிடும். திரவம் தொட்டுக்கொண்டிருக்கும் பகுதி குளிர்ச்சியாக இருப்பதால் ஈரம் நின்று காயும். ஈரம் எங்கே நிற்கிறதோ அதுதான் மட்டம்.

தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழிக் காலையில் டீக்கடைகளில் சிலிண்டர் மந்தமாகும். உடனே கொதிக்கும் தண்ணீரை ஊற்றுவது, சிலிண்டரைப் படுக்கவைப்பது எல்லாம் நடக்கும். இரண்டும் ஆபத்து. படுக்கவைத்தால் ஆவிக்குப் பதில் திரவமே ரெகுலேட்டருக்கு வரும். ஒரு லிட்டர் திரவம் விரிந்தால் ஏறக்குறைய 250 லிட்டர் ஆவி. அடுப்பு தாங்காது.

கடைசியாக ஒரு காலி பாட்டில். வத்தல்மலைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போனபோது உச்சியில் தண்ணீரைக் குடித்துவிட்டு ஒரு பாட்டிலை இறுக மூடிவைக்கச் சொன்னேன். கீழே இறங்கியபோது அது இடுப்பு ஒடுங்கிக் கிடந்தது. மேலே குளிர், கீழே சூடு. சூட்டில் காற்று விரியவேண்டுமே, சுருங்கியது எப்படி என்று ஒரு பெண் மடக்கினாள். நல்ல கேள்வி. அறுநூறு மீட்டர் இறங்கினால் வெளிக்காற்றின் அழுத்தம் ஏழு சதவீதம் போலக் கூடுகிறது, பாட்டில் அந்த அளவு சுருங்கவேண்டும். பத்து டிகிரி சூடு அதில் மூன்று சதவீதத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. மிச்சம் நாலு சதவீதம்தான் அந்த ஒடுக்கம். இரண்டில் ஒன்றை மட்டும் பார்த்தால் விடை தப்பாகத்தான் வரும்.

மூடியைத் திருகியதும் “உஸ்” என்று ஒரு சத்தம். காற்று எந்தப் பக்கம் போனது என்று கேட்டேன். முக்கால்வாசிப் பேர் வெளியே என்றார்கள். பாட்டில் அதற்குள் நிமிர்ந்துவிட்டிருந்தது.